பீக்கன் ப்ராலின்: வீட்டில் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நாங்கள் குடியிருந்த வருடங்களில் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரிடம் பீக்கன் ப்ராலின் செய்யக் கற்றுக்கொண்டேன். அவர் பிறந்து வளர்ந்தது அதே மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரம். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் செய்து தோழிகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்து வருகிறேன். சாப்பிட்டவர்கள் வீட்டில் செய்து பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ப்ராலின் என்றால் என்ன? சாப்பிட எப்படி இருக்கும்?

சர்க்கரை, பால் அல்லது க்ரீம், வெண்ணெய் இவற்றைப் பாகாகக் காய்ச்சி, பீக்கன் பருப்பைப் (அக்ரூட்டுக்கு நெருங்கிய சொந்தம்) போட்டுக் கிளறி, வட்ட வட்டமாக ஊற்றி ஆறவைக்கும் மிட்டாய். உள்ளங்கை அகலம் இருக்கும். கடலை மிட்டாய் போலக் கடக்கென்று உடையாது. பல் பட்டதும் மெல்ல நொறுங்கி, நாக்கில் மணல் போலக் கரையும். நம் பலகாரங்களில் இதற்குக் கிட்டத்தில் வருவது தேங்காய் பர்ஃபிதான். இரண்டுக்கும் சூட்சுமம் ஒன்று என்பதைக் கீழே சொல்கிறேன்.

பெயரை நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் "ப்ராலீன்" என்பார்கள். அமெரிக்காவின் வேறு பல இடங்களில் "ப்ரேலீன்" என்று சொல்வதும் உண்டு. அந்த ஊரில் போய் "ப்ரேலீன்" என்றால் உடனே திருத்துவார்கள்.

பிரெஞ்சு ப்ராலின், பெல்ஜிய ப்ராலின் என்கிறார்களே, எல்லாம் ஒன்றா?

பெயர் ஒன்று, பண்டம் வேறு. முதலில் வந்தது பிரெஞ்சு ப்ராலின். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த தளபதி ப்ளெஸ்ஸி-ப்ராலான் என்பவருடைய சமையல்காரர் பாதாமுக்குச் சர்க்கரைப் பாகு ஏற்றிச் செய்தார், அந்தப் பிரபுவின் பெயரே மிட்டாய்க்கும் நிலைத்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதில் பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை. ஒவ்வொரு பாதாமும் தனித்தனியாகச் சர்க்கரைச் சட்டை போட்டிருக்கும். பெல்ஜியத்தில் ப்ராலின் என்று கேட்டால் உள்ளே பூரணம் வைத்த சாக்லேட்டைக் கொடுப்பார்கள். அதை 1912ல் பிரஸ்ஸல்ஸில் ஜான் நொய்ஹாஸ் கொண்டுவந்தார். இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசுவது மூன்றாவதை, லூசியானாவின் பால் சேர்த்த ப்ராலினை.

பாதாம் எப்படிப் பீக்கனாக மாறியது?

பிரெஞ்சுக் குடியேறிகள் மிட்டாயின் செய்முறையோடு லூசியானாவுக்கு வந்தார்கள். பாதாம் அங்கே விளையாது. மிசிசிப்பி ஆற்றுப் படுகையிலோ பீக்கன் மரம் காடாக வளர்ந்து கிடந்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த பருப்பு அது. "பீக்கன்" என்ற பெயரே அல்கோன்கியன் மொழிகளிலிருந்து வந்தது. கல்லால் உடைக்க வேண்டிய கொட்டை என்று பொருள் சொல்வார்கள். கரும்பும் அங்கேயே விளைந்தது. 1795ல் எத்தியென் த போரே தன் தோட்டத்தில் கரும்புச் சாற்றிலிருந்து குருணைச் சர்க்கரை எடுத்துக் காட்டிய பிறகு லூசியானா சர்க்கரை நாடாகவே ஆனது. அந்தக் கரும்பை வெட்டியதும், சாற்றைக் காய்ச்சியதும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள்.

பீக்கன் வளர்ப்பிலும் அப்படி ஒருவரை நினைவில் வைக்க வேண்டும். லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் அடிமையாக இருந்த அன்த்வான் என்ற தோட்டக்காரர், 1840களில் நல்ல பீக்கன் மரத்தின் கிளையை எடுத்து வேறு மரங்களில் ஒட்டுக் கட்டி வெற்றி கண்டார். மெல்லிய ஓடு, பெரிய பருப்பு. அந்த ரகம் 1876ல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்று, "சென்டென்னியல்" என்ற பெயரை வாங்கியது. அவருடைய முதல் பெயர் மட்டும்தான் ஏட்டில் இருக்கிறது.

மிட்டாயைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் கூடையில் ப்ராலினை அடுக்கி, தலையில் துணி கட்டி, பனையோலை விசிறியால் ஈ ஓட்டியபடி விற்றார்கள். "ப்ராலினியேர்" என்று அவர்களுக்குத் தனிப்பெயரே உண்டு. அதில் கிடைத்த காசில் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் ஏராளம். அந்த ஊர்க் கடைகளில் இன்று பளிங்கு மேசையில் ஊற்றி விற்கும் ப்ராலின் இந்தக் கைகள் வழியாக வந்தது. செய்யும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

சரி, என்னென்ன வேண்டும்?

இருபது, இருபத்திரண்டு மிட்டாய்க்கான அளவு இது:

வெள்ளைச் சர்க்கரை 1½ கப் (300 கிராம்), பிரவுன் சுகர் அழுத்தி அளந்து ¾ கப் (சுமார் 160 கிராம்), கொழுப்பு எடுக்காத பால் ½ கப் (120 மி.லி.), வெண்ணெய் 6 மேசைக்கரண்டி (85 கிராம்), பீக்கன் 1½ கப் (சுமார் 160 கிராம்), உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன். பாலில் பாதியைக் க்ரீமாக மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும்.

பாத்திரம் அடிகனமாக, மூன்று லிட்டர் பிடிப்பதாக இருக்க வேண்டும். பாகு கொதிக்கும்போது இரண்டு மடங்குக்கு மேல் பொங்கும். மரக்கரண்டி, பட்டர் பேப்பர் விரித்த இரண்டு தட்டு, வெண்ணெய் தடவிய இரண்டு ஸ்பூன், முடிந்தால் ஒரு மிட்டாய்த் தெர்மாமீட்டர். எல்லாவற்றையும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் பட்டர் பேப்பரைத் தேட நேரம் இருக்காது.

பீக்கன் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பீக்கனில் பத்தில் ஏழு பங்கு கொழுப்பு. அதனால் சீக்கிரம் காறிப்போகும். வாங்கியதும் ஒன்றை மென்று பாருங்கள். இனிப்பாக, வெண்ணெய் மாதிரி இருந்தால் புதுசு. தொண்டையில் கசப்பும் பழைய எண்ணெய் வாடையும் வந்தால் அந்தப் பொட்டலத்தை மிட்டாய்க்கு எடுக்காதீர்கள். எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் காறல் மறையாது. மீதியை இறுக்க மூடி ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் கெடாது.

வறுக்காமல் போடுபவர்களும் உண்டு. வறுத்துப் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் எட்டு நிமிடம், அல்லது வெறும் வாணலியில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம். வாசனை எழுந்ததும் இறக்கிவிடுங்கள். நிறம் மாறக் காத்திருந்தால் கருகிவிடும்.

செய்முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

இரண்டு சர்க்கரை, பால், வெண்ணெய், உப்பு எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு மிதமான தீயில் வையுங்கள். சர்க்கரை முழுதும் கரையும்வரை கிளறுங்கள். ஓரத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தால் ஈர பிரஷ்ஷால் வழித்து உள்ளே தள்ளுங்கள். கொதி வந்ததும் கிளறுவதைக் குறைத்து, அடிபிடிக்காமல் அவ்வப்போது ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள். பாகு 110 டிகிரியைத் தொடும்போது வறுத்த பீக்கனைப் போடுங்கள். பருப்பு விழுந்ததும் சூடு கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும். 114 அல்லது 115 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சூடான அடுப்பிலேயே விட்டால் பதம் தாண்டிப்போகும்.

வெனிலாவை ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்புறம் மரக்கரண்டியால் கிண்டத் தொடங்குங்கள். பாகு கெட்டியாகி, பளபளப்பு மங்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு ஸ்பூனாக எடுத்துப் பட்டர் பேப்பரில் வையுங்கள். அரை மணி நேரத்தில் கையில் எடுக்கலாம்.

தெர்மாமீட்டர் இல்லை. பதம் எப்படிப் பார்ப்பது?

நம் அம்மாக்கள் பார்த்த மாதிரிதான். கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் கூட்டுங்கள். தண்ணீருக்குள் உருண்டையாகத் திரள வேண்டும். வெளியே எடுத்து விரலில் வைத்தால் அந்த உருண்டை தானாகத் தளர்ந்து தட்டையாக வேண்டும். இதுதான் இளம் உருண்டைப் பதம். கரைந்தோடினால் இன்னும் காய வேண்டும். எடுத்த பிறகும் விறைப்பாக நின்றால் தாண்டிவிட்டது. கடலை மிட்டாய்க்கு உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரும்வரை காய்ச்சுவோம். ப்ராலினில் அவ்வளவு தூரம் போகவே கூடாது. சோதிக்கும் நேரத்தில் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வையுங்கள்.

தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். 97 காட்டினால் உங்கள் பதமும் மூன்று டிகிரி குறைவு. மலை ஊர்களில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும். டென்வரில் சுமார் 95, ஊட்டியில் சுமார் 93. உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் அளவோடு 14 அல்லது 15 டிகிரி கூட்டிக்கொண்டால் போதும்.

கிண்டுவதை எப்போது நிறுத்துவது? எனக்கு ஒவ்வொரு முறையும் இங்கேதான் தப்பாகிறது.

எல்லோருக்கும் இங்கேதான் தப்பாகும். அதனால் இதை நீட்டியே சொல்கிறேன்.

ஜாங்கிரிக்குப் பாகு வைக்கும்போது பூத்துவிடக் கூடாது என்று எலுமிச்சைச் சாறு பிழிகிறோம் இல்லையா? ப்ராலினில் அதற்கு நேர்மாறு. பாகை நாமே பூக்க வைக்கிறோம். ஆறத் தொடங்கிய பாகில், கரைந்து நிற்கும் அளவுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அது மறுபடி படிகமாகத் துடிக்கும். சும்மா விட்டால் சில இடங்களில் பெரிய பெரிய படிகம் கட்டி, கற்கண்டு போல நறநறக்கும். விடாமல் கிண்டினால் ஒரே நேரத்தில் எண்ணிலடங்காத குட்டிப் படிகங்கள் உண்டாகும். அதுதான் நாக்கில் கரையும் அந்த மென்மையான மணல். தேங்காய் பர்ஃபி ஓரத்தில் பூத்து வரும்போது தட்டில் கொட்டுகிறோமே, அதே கணக்கு.

அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பாகு கண்ணாடி மாதிரி பளபளக்கும். கரண்டி தண்ணீரில் போவது போல லேசாகப் போகும். ஒரு நிமிடம் கழித்து நிறம் கொஞ்சம் வெளுக்கும், ஊடுருவித் தெரிந்த பாகு பால் கலந்தது போலக் கலங்கும். பருப்பு தனியே நிற்காமல் பாகோடு சேர்ந்து சுற்றும். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிந்து மூடும். அப்போது சத்தமும் மாறும். வழவழவென்று போன கரண்டி, பாத்திரத்தின் பக்கத்தில் லேசாகச் சரசரவென்று உரசும். ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம் படியும். அங்கே நிறுத்துங்கள். முழுக்க மங்கும்வரை காத்திருந்தால், இரண்டு மிட்டாய் ஊற்றுவதற்குள் மீதி பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

என் மூதாட்டி இந்தக் கட்டத்தில் தெர்மாமீட்டரை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார். "பேபி, இனிமேல் அது உதவாது, பாத்திரத்தைக் கேள்" என்பார். அந்த ஊரில் வயதானவர்கள் எல்லோரையும் பேபி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னதில் "பார்" இல்லை, "கேள்" என்றுதான் இருந்தது. நான்கைந்து முறை செய்த பிறகு அந்தச் சரசரப்பு எனக்கும் பிடிபட்டது.

முதல் மிட்டாயைச் சோதனையாக ஊற்றுங்கள். மெழுகுவர்த்தி உருகியது போலப் பரவி ஓடினால் இன்னும் முப்பது விநாடி கிண்டுங்கள். கொஞ்சம் பரவி, விளிம்பு வட்டமாக நின்றால் மளமளவென்று ஊற்றுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் இரண்டு பேராக ஊற்றுவது நல்லது.

பிரவுன் சுகருக்குப் பதில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போடலாமா?

நாட்டுச் சர்க்கரை போடலாம். நன்றாகவே வரும், நிறம் மட்டும் கொஞ்சம் கறுக்கும். வெல்லத்தில் கவனம் வேண்டும். அதில் சர்க்கரை படிகமாவதைத் தடுக்கும் வேறு இனிப்புகள் கூடுதல், புளிப்பும் உண்டு. முழுதும் வெல்லத்தில் செய்தால் பால் திரியலாம், மிட்டாய் இறுகாமல் பிசுபிசுக்கலாம். பிரவுன் சுகரின் இடத்தில் மட்டும், தூசி வடிகட்டிய வெல்லத்தைப் போட்டுப் பாருங்கள். வெள்ளைச் சர்க்கரையை மாற்ற வேண்டாம். ருசி அருமையாக இருக்கும், ஆனால் அது வேறு மிட்டாயின் ருசி.

பால் திரிந்து சிறு சிறு கட்டியாகிவிட்டது. ஏன்?

பிரவுன் சுகரில் இருக்கும் புளிப்பும், கொழுப்பு குறைந்த பாலும், முதலிலேயே வைத்த பெருந்தீயும் காரணம். சர்க்கரை கரையும்வரை தீ குறைவாக இருக்கட்டும். கால் டீஸ்பூனுக்கும் குறைவாக ஆப்ப சோடா சேர்த்தால் புளிப்பு அடங்கும், மிட்டாய்க்கு நல்ல பழுப்பு நிறமும் வரும். சோடா போட்டால் நுரை பொங்கும், பெரிய பாத்திரம் வேண்டும் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

மழை நாளில் செய்யக் கூடாது என்கிறார்களே?

உண்மைதான். சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நியூ ஆர்லியன்ஸே சதுப்பு நிலத்தில் இருக்கும் ஊர். அங்கேயே அனுபவசாலிகள் வெயிலடிக்கும் உலர்ந்த நாளாகப் பார்த்துத்தான் பாத்திரத்தை ஏற்றுவார்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் ஏசி போட்ட அறையில் ஆறவைக்கலாம். தவிர்க்க முடியாத ஈர நாள் என்றால் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காய்ச்சுங்கள்.

மிட்டாய் இறுகவே இல்லை. / பாத்திரத்திலேயே கல்லாகிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம், இரண்டையும் மீட்கலாம். ஒரு மணி நேரமாகியும் பிசுபிசுவென்று இருந்தால் பாகு காயவில்லை. எல்லாவற்றையும் வழித்துப் பாத்திரத்தில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, சிறு தீயில் கரைத்து, மறுபடி 115 வரை கொண்டுபோய்க் கிண்டுங்கள். பாத்திரத்தில் இறுகிப்போனது என்றால் ஒரு மேசைக்கரண்டி சூடான க்ரீமோ வெந்நீரோ விட்டு, மிகச் சிறு தீயில் தளர்த்தினால் ஊற்ற வரும். இப்படி மீட்ட மிட்டாய் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். பொடித்து ஐஸ்கிரீம் மேல் தூவுங்கள், யாரும் மிச்சம் வைக்க மாட்டார்கள்.

மறுநாள் மேலே வெள்ளைத் திட்டு தெரிகிறது. பூஞ்சையா?

இல்லை. சர்க்கரை ஒரே சீராகப் படிகமாகாத இடம் அது. கிண்டியது போதவில்லை, அல்லது மிட்டாயை மிகத் தடிமனாக ஊற்றி உள்ளே மெதுவாக ஆறியிருக்கிறது. தாராளமாகச் சாப்பிடலாம்.

விருந்துக்கு இரண்டு மடங்காகச் செய்யலாமா?

ஒரே பாத்திரத்தில் வேண்டாம். நாற்பது மிட்டாயை ஊற்றி முடிக்கும்வரை பாகு உங்களுக்காகக் காத்திருக்காது. ஒன்றை முடித்துப் பாத்திரத்தைக் கழுவி அடுத்ததை ஏற்றுங்கள். கழுவுவதும் சுலபம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஒட்டியதெல்லாம் கரைந்துவிடும்.

பீக்கன் விலை அதிகம். வேறு பருப்பு?

அக்ரூட் அதற்கு நெருங்கிய சொந்தம், நன்றாகப் பொருந்தும். முந்திரியும் சரிதான். நியூ ஆர்லியன்ஸிலேயே தேங்காய் ப்ராலின் பழைய வழக்கம். வெள்ளையிலும் ரோஸ் நிறத்திலும் செய்வார்கள். பால் சேர்க்காதவர்கள் கெட்டித் தேங்காய்ப்பாலும் தேங்காய் எண்ணெயும் வைத்துச் செய்யலாம்.

குழந்தைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யலாமா?

பருப்பை எண்ணிப் போடவும், ஆறிய மிட்டாயைத் தாளில் சுற்றவும் கூப்பிடுங்கள். பாகு அடுப்பில் இருக்கும்போதும் ஊற்றும்போதும் பக்கத்தில் விடவே விடாதீர்கள். கொதிநீர் பட்டால் வழிந்துவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பட்டுவிட்டால் பிய்க்காமல், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கைவிரல் மூட்டிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

யாருக்குக் கொடுத்தாலும் பீக்கன் இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். அக்ரூட் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பீக்கனும் ஒத்துக்கொள்ளாது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? வெளியூருக்கு அனுப்பலாமா?

முதல் இரண்டு மூன்று நாளில் ருசி உச்சத்தில் இருக்கும். காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து வெளியிலேயே வைத்தால் ஒரு வாரம், பத்து நாள் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொண்டு பிசுபிசுக்கும். ஃப்ரீசரில் வைப்பதென்றால் ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி டப்பாவில் போடுங்கள், இரண்டு மாதம் தாங்கும். வெளியே எடுத்தால் டப்பாவைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். அனுப்பும்போது ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, டப்பாவில் ஆட இடமில்லாமல் நெருக்கி அடுக்கி, மேலே காலியிடத்தில் கசக்கிய தாளை வையுங்கள். நான் கடைசி அடுக்கில் எப்போதும் இரண்டு கூடுதலாக வைப்பேன், வழியில் உடைவதற்கென்று.